சர்க்கரை அளவை ஒளிப்பானேன்?

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் ஒருவரை ஒருவர் கேட்கத் தயங்காத கேள்விகள் பல உண்டு. நூல் என்ன விலை? பாவுக்கு என்ன கூலி? மாங்காய் எவ்வளவுக்குப் போயிற்று? பெண்ணுக்கு எத்தனை சவரன் போட்டீர்கள்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கூசாமல் கேட்பார்கள். கூசாமல் பதிலும் சொல்வார்கள்.

ஆனால், "உங்களுக்குச் சர்க்கரை எத்தனை?" என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். "ஏதோ, கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது" என்று பட்டும் படாமலும் ஒரு பதில் வரும். சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருக்கும் பரிசோதனைச் சீட்டு வெளியே வராது.

ஒளித்து வைத்த சீட்டினால் யாருக்கு லாபம்? நோயாளிக்கு இல்லை, டாக்டருக்கு இல்லை, வீட்டாருக்கும் இல்லை. லாபம் முழுவதும் நோய்க்குத்தான்!

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தங்கள் ரத்தச் சர்க்கரை அளவையும், அந்த அளவு வந்த நாளின் கதையையும் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். தெருவுக்குத் தெரு அதற்கென்று ஒரு சிறு கூட்டம் ஏற்பட வேண்டும். மாத்திரையும் ஊசியும் டாக்டர் தருபவை. சாப்பாடு, நடை, தூக்கம், வேலை ஆகியவை நோயாளியின் கையில் இருப்பவை. அவற்றைச் சீர்படுத்திக்கொள்ள, அதே நோயோடு அதே தெருவில் வாழ்கிறவரை விடச் சிறந்த துணை வேறு யார்?

ஏழு பேரில் ஒருவர்

இது ஏதோ பட்டணத்துப் பணக்காரர்களின் வியாதி என்று நினைத்த காலம் மலையேறிவிட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் எல்லா மாநிலங்களிலும் நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி, 2021-ல் இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். அந்த வியாதியின் வாசற்படியில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு, இந்த வியாதி இருக்கிறது.

பத்துப் பேர் உட்காரும் பந்தியில் ஒருவராவது சர்க்கரை வியாதிக்காரராக இருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை பேருக்கு இருப்பதை ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே இருப்பதுபோல் மறைத்துக்கொள்கிறார்கள். இது வேடிக்கை அல்லவா?

கண்ணும் காலும்

திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர் ஆர்.கே.பேட்டை. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திராவிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. இன்றும் இங்கே ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கேட்கும். இரண்டு பாஷைக்காரர்களும் இந்த வியாதிக்கு ஒரே பெயர்தான் சொல்கிறார்கள்: "சுகர்!"

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கமெல்லாம் நெசவுதான் பலருக்குச் சோறு போடுகிறது. நெசவுக்கு மூலதனம் எது? தறியும் நூலும் மட்டும் அல்ல. கண், கை, கால். அறுந்த இழையைக் கண் பார்க்க வேண்டும். விரல் முடிச்சுப் போட வேண்டும். கைத்தறியானால் கால் மிதிக்க வேண்டும்.

சர்க்கரை வியாதி கை வைப்பதும் இந்த இடங்களில்தான். கண்ணின் உள்திரையில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. இவை ஒரே நாளில் நடப்பதில்லை. வருஷக் கணக்கில், வலியில்லாமல், சத்தமில்லாமல் நடக்கின்றன. கண்ணில் கோளாறு தொடங்கும்போது பார்வை நன்றாகவே இருக்கும். காலில் முள் குத்தியது தெரியாமல் போகும்போதுதான் ஆபத்து முற்றிவிட்டது என்று அர்த்தம்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஏறுகிறார்கள். மரத்துப்போன காலுக்கு வெயிலில் கொதிக்கும் கல் சுடாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சிலருக்கு அப்போதும் தெரியாது. அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலையோ காலையோ எடுக்க வேண்டி வந்துவிடும். பக்தியைக் குறை சொல்வதற்கில்லை. "உன் காலுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தாயா?" என்று பக்கத்தில் ஏறுகிறவர் ஒரு வார்த்தை கேட்கலாம். அவருக்கு விஷயம் தெரிந்தால்தானே கேட்பார்?

ஏன் மறைக்கிறார்கள்?

மறைப்பதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை.

முதல் காரணம் கல்யாணம். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ சர்க்கரை என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம். தகப்பனுக்கு இருப்பது தெரிந்தால்கூட, "பரம்பரை வியாதி" என்று சொல்லி விடுவார்களோ என்ற அச்சம்.

இரண்டாவது காரணம் பழி. "கண்டதைத் தின்றான், வாங்கிக் கட்டிக்கொண்டான்" என்று ஊர் பேசும். உண்மை என்ன? பரம்பரை, வயது, உடல் பருமன், உட்கார்ந்த வேலை, உணவு, தூக்கம் எல்லாம் சேர்ந்துதான் இந்த வியாதி வருகிறது. குழந்தைகளுக்கு வரும் முதல் வகைக்கும் மிட்டாய்க்கும் சம்பந்தமே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகக் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் வருவது அது. குழந்தையையும் தாயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

மூன்றாவது காரணம் ஊசிப் பயம். "இன்சுலின் போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம்" என்று பலர் நம்புகிறார்கள். கதை நேர்மாறானது. 1922 ஜனவரி 11-ந் தேதி, கனடாவில் டொரன்டோ நகர ஆஸ்பத்திரியில், சாகக் கிடந்த லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. சில நாள் கழித்துத் தூய்மைப்படுத்திய மருந்தை மறுபடி போட்டதும் பையன் தேறினான். அதன் பிறகு 13 ஆண்டுகள் உயிரோடு இருந்தான். இன்சுலின் சாவின் சீட்டு அல்ல. சாவிலிருந்து மீட்ட சீட்டு.

நான்காவது காரணம்தான் எல்லாவற்றிலும் சிறியது; ஆனால் எல்லோரிடமும் இருப்பது. எண் அதிகமாக இருந்தால் திட்டு விழும். டாக்டர் திட்டுவார், மனைவி திட்டுவாள், மகன் முகத்தைச் சுளிப்பான். பரீட்சையில் மார்க் குறைந்த பையனைப்போல் பெரியவர்கள் சீட்டை மறைக்கிறார்கள்.

மறைத்தால் உயிருக்கே ஆபத்து

சர்க்கரை ஏறுவது மட்டும் அல்ல, இறங்குவதும் ஆபத்துதான். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும்; வியர்க்கும்; பேச்சுக் குழறும்; தள்ளாடும்.

விசைத்தறிக் கொட்டகையில் ஒருவர் இப்படித் தள்ளாடினால் பக்கத்துத் தறிக்காரர் என்ன நினைப்பார்? "பகலிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறான்" என்றுதான் நினைப்பார். ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அது அவரைச் சாகவிடுவதற்குச் சமம்.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்திருந்தால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருப்பார். கால் மணி நேரம் கழித்து அளந்து பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை கொடுத்து, பிறகு சாப்பிட வைத்திருப்பார். நினைவே தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்.

பக்கத்துத் தறிக்காரருக்குச் சொல்லி வைப்பது வெட்கக்கேடு அல்ல; தற்காப்பு.

எண்ணும் கதையும்

வெறும் வயிற்றில் 126-க்கு மேல், அல்லது சோதனைக்காகக் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200-க்கு மேல் இருந்தால் சர்க்கரை வியாதி என்பது டாக்டர்களின் கணக்கு. வியாதி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, சாப்பிட்ட பின் 180-க்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். வயதையும் உடல்நிலையையும் பொறுத்து இது மாறும். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்றும் உண்டு. அது பலருக்கு 7-க்குள் இருக்க வேண்டும்.

இந்த எண்கள் தனியாக நின்றால் ஊமை. "210" என்றால் என்ன புரியும்? "கல்யாண வீட்டில் சாப்பிட்டேன், இரண்டு மணி நேரம் கழித்து 210" என்றால் புரியும். "அதே சாப்பாடு, ஆனால் சாப்பிட்டதும் இருபது நிமிஷம் நடந்தேன், 170" என்றால் இன்னும் நன்றாகப் புரியும். எண்ணோடு கதையும் சேர வேண்டும்.

மாதிரிக்கு ஒரு பேச்சு:

"என்ன மாப்ளே, முகம் வாட்டமா இருக்கு?"

"நேத்து ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல பார்த்தேன் மாமா. 245."

"என்ன சாப்பிட்டே?"

"கேழ்வரகுக் களிதான். களி தின்னா சுகர் ஏறாதுன்னு சொன்னாங்களே!"

"எத்தனை உருண்டை?"

"மூணு."

"நானும் அப்படித்தான் ஏமாந்தேன். இப்ப ஒரு உருண்டை, கூட நிறையக் கீரை, கொஞ்சம் பருப்பு. செஞ்சு பாரு, நாளைக்கு எனக்குச் சொல்லு."

"அரிசியை விட்டுக் களிக்கு மாறினால் போதும்" என்று நம்பிக்கொண்டு கணக்கில்லாமல் சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர். கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு. அதிலும் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சர்க்கரை விரைவாக ஏறும். இதை நூறு துண்டுப் பிரசுரங்கள் சொன்னாலும் ஏறாதது, மாமன் சொன்ன ஒரு வார்த்தையில் மாப்பிள்ளைக்கு ஏறும். ஏனென்றால் மாமனும் அதே களியைத் தின்றவர்.

அளக்கும் முறையையும் இப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண்ணைத் தூக்கிக் காட்டும். கெடு தேதி கடந்த பட்டை பொய் சொல்லும். நல்ல கருவிக்கும் நூற்றுக்கு 15 வரை ஏற்ற இறக்கம் உண்டு. ஆகவே நேற்று 150, இன்று 160 என்று கவலைப்படுவதும், 160 போய் 150 ஆயிற்று என்று குதிப்பதும் வீண். ஒரே நேரத்தில் பல நாள் பார்த்த எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதே முக்கியம்.

லண்டனில் பிறந்த சங்கம்

நோயாளிகள் சேர்ந்து சங்கம் வைப்பது புதிய யோசனை அல்ல.

லண்டனில் ஆர்.டி.லாரன்ஸ் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். இன்சுலின் வருவதற்கு முன்பே அவருக்குச் சர்க்கரை வியாதி கண்டது. பிழைக்க வழியில்லை என்று எண்ணி, மீதி நாட்களைக் கழிக்க இத்தாலிக்குப் போய்விட்டார். 1923-ல் இன்சுலின் வந்துவிட்ட சேதி கேட்டு லண்டனுக்கு ஓடிவந்து பிழைத்தார். 1968 வரை வாழ்ந்தார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் பிரபல விஞ்ஞானக் கதாசிரியர் எச்.ஜி.வெல்ஸ்.

டாக்டரும் நோயாளி, கதாசிரியரும் நோயாளி. இருவரும் சேர்ந்து 1934-ல் நீரிழிவு நோயாளிகளின் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஏழை பணக்காரர் பேதமின்றி எல்லாருக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும், நோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தச் சங்கம் இன்றும் பிரிட்டனில் இயங்கி வருகிறது. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் தம் வியாதியை மறைக்கவில்லை. அதனால் அவர் பெருமை குறைந்துவிட்டதா?

வீட்டிலேயே ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவரும் ஒரு நோயாளிதான். அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற என்ஜினீயருக்குப் பன்னிரண்டு வயது முதல் இந்த வியாதி. ரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி அப்போது டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. அவர் மனைவி டாக்டர். மனைவியின் பெயரில் 1969-ல் ஒன்றை வாங்கினார். நாளைக்குப் பல தடவை தம் விரலைத் தாமே குத்தி, எண்ணையும் உணவையும் மருந்தையும் குறித்து வைத்துக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அதைக் கட்டுரையாக எழுதினால் வைத்தியப் பத்திரிகைகள் போட மறுத்தன. நாற்பது வயதுக்கு மேல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராகிவிட்டார்! 2025-ல், 90 வயதில் காலமானார்.

அதற்கு முன்பெல்லாம் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சி, நிறம் பார்ப்பார்கள். நீலமானால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறமானால் மிக அதிகம். இன்று ஒரு துளி ரத்தம், சில விநாடி, எண் வந்துவிடுகிறது. இவ்வளவு எளிதில் கிடைக்கும் எண்ணை மேஜை இழுப்பறையில் பூட்டி வைப்பதா?

சென்னையும் கேரளமும் காட்டிய வழி

சர்க்கரை வியாதி வைத்தியத்தில் சென்னை நகருக்குத் தனிப் பெருமை உண்டு. 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இந்த வியாதிக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம்.விஸ்வநாதன். 1954-ல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியும் கண்டார். அவருடைய புதல்வர் டாக்டர் வி.மோகனின் குழுவினர், 2006 முதல் சுணாம்பேடு பக்கத்தில் 42 கிராமங்களுக்கு நடமாடும் பரிசோதனை வண்டியை அனுப்பினார்கள். அங்கே சர்க்கரை வியாதிக்காரர்களின் மூன்று மாதச் சராசரி, ஒரே வருஷத்தில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. கிராமத்து மக்களாலும் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிறகு அவர்கள் சென்னையில் இன்னொரு சோதனை செய்தார்கள். வியாதியின் வாசற்படியில் நின்ற 578 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான புத்திமதி. மற்றொரு பாதிக்கு வாராவாரம் கூட்டமாக உட்கார்ந்து சாப்பாடு, நடை, எடை பற்றிப் பேசும் வகுப்பு, தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரை. முடிவு 2016-ல் வெளியாயிற்று. புத்திமதி மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 35 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. கூட்டமாகப் பழகியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குத்தான் வந்தது.

கேரளத்தில் நெய்யாற்றின்கரை தாலுகாவில், 60 வாக்குச்சாவடி வட்டாரங்களில் 1,007 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதி வட்டாரங்களில் உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே தலைவர்களைப் பொறுக்கிக்கொண்டு, ஒரு வருஷத்தில் 15 கூட்டங்கள் நடத்தினார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, புதிதாக வியாதி வந்தவர்கள் அங்கே 14.9 சதவீதம், மற்ற வட்டாரங்களில் 17.1 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் காய்கறி சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது. குடி குறைந்தது சாமானியமான விஷயமா?

இவை வியாதி வருமுன் காக்கும் முயற்சிகள். வந்துவிட்டவர்களுக்கு? அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 244 மாஜி ராணுவத்தினரிடம் நடந்த சோதனையைச் சொல்லலாம். எல்லாருக்கும் சர்க்கரை சரியாகக் கட்டுப்படாமல் இருந்தது. ஒரு சாராரை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, வாரம் ஒரு முறை டெலிபோனில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். மற்றொரு சாராருக்கு நர்ஸ் உதவி. ஆறு மாதத்தில் ஜோடிகளின் மூன்று மாதச் சராசரி 8.02-லிருந்து 7.73-க்கு இறங்கியது. நர்ஸ் கவனித்தவர்களுக்கு 7.93-லிருந்து 8.22-க்கு ஏறியது! நர்ஸ் சரியில்லை என்பது இதன் பொருள் அல்ல. ஒருவனை இன்னொருவன் நம்பியிருக்கும்போது இருவரும் ஒழுங்காகிறார்கள் என்பதே பொருள்.

எல்லா இடத்திலும் பலித்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. அயர்லாந்தில் 395 நோயாளிகளிடம் இரண்டு வருஷத்தில் ஒன்பதே கூட்டங்கள் நடத்திப் பார்த்ததில் பெரிய பலன் தெரியவில்லை என்று 2011-ல் முடிவு வந்தது. எப்போதாவது கூடிக் கலைவதற்கும் வாரந்தோறும் பேசிக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்? தினசரி வியாதிக்கு எப்போதாவது ஒரு கூட்டம் போதாது.

எதைப் பகிரலாம்? எதைப் பகிரக் கூடாது?

பகிர்வதிலும் முறை உண்டு. முறை தவறினால் நன்மைக்குப் பதில் தீமைதான் விளையும்.

எண்ணைப் பகிரலாம், மாத்திரையைப் பகிரக் கூடாது. "எனக்குக் கேட்டது, நீயும் போடு" என்று கொடுக்கும் மாத்திரை, சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு விஷமாகலாம். இன்னொருவருக்குச் சர்க்கரையை அதலபாதாளத்தில் இறக்கிவிடலாம்.

கருவியைத் துடைத்துவிட்டுப் பகிரலாம். குத்தும் ஊசியையும் ஊசிப் பேனாவையும் ஒருக்காலும் பகிரக் கூடாது. ரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். குத்திய ஊசியைத் தெருவில் எறியாமல் கெட்டியான டப்பாவில் போட வேண்டும்.

அனுபவத்தைப் பகிரலாம், "இன்சுலினை நிறுத்திவிடு, இந்தச் சூரணம் போதும்" என்று யோசனை சொல்லக் கூடாது. முதல் வகை வியாதி உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடும். கூட்டம் சேர்கிற இடத்தில் பொடி விற்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

கூடினால் பாராட்ட வேண்டாம். குறைந்தால் திட்ட வேண்டாம் என்பதை மாற்றியும் படிக்கலாம். அதாவது, எந்த எண்ணுக்கும் கைதட்டலும் கூடாது, ஏளனமும் கூடாது. ஏளனத்துக்குப் பயந்தவன் அடுத்த வாரம் பொய் எண் சொல்வான். பொய் எண்ணைக் கேட்டு மற்றவரும் கெடுவார்.

கூட்டத்தில் கேட்டதைக் கூட்டத்தோடு விட்டுவிட வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சம்பந்தம் பேசும் இடத்தில் அவிழ்க்கிறவன் மனிதனே அல்ல. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தாலே அவருக்கு நன்மைதான். ஒருநாள் தாமே வாய் திறப்பார்.

பெண்களை மறக்கலாமா?

ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது. பெண்களுக்கு?

தார் சுற்றிக்கொண்டே சமையலும் பார்க்கும் பெண், எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மீந்ததைக் கடைசியில் சாப்பிடுகிறாள். சோற்றை வீணாக்கக் கூடாதென்று வழித்துப் போட்டுக்கொள்கிறாள். மாத்திரையை எப்போது போட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. புருஷனுக்குச் சர்க்கரை என்றால் அவனுக்குத் தனிச் சமையல் நடக்கும். அவளுக்குச் சர்க்கரை என்றால் யார் தனியாகச் சமைப்பது?

ஆகவே, தெருக் கூட்டத்தில் பெண்களுக்குச் சம இடம் வேண்டும். அவர்களுக்கு ஓய்வுள்ள நேரத்தில் கூட்டம் நடக்க வேண்டும். அடுப்பு அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் கற்றால் வீடே கற்றதாகும். ஒரு வீட்டில் ஒருவருக்கு ஆகாத சாப்பாடு மற்றவர்களுக்கும் அவ்வளவு நல்லதல்ல. எல்லாருக்கும் ஒரே சமையல், காய்கறி அதிகமாக, சோறு அளவாக என்று மாறினால் அடுத்த தலைமுறையும் தப்பும்.

என்ன செய்யலாம்?

பெரிய கட்டடமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம்.

தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் பரிசோதனையும் மருந்தும் வருகின்றன. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. மருந்து கொண்டு வரும் பெண் ஊழியர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். வீடு வீடாக ஏறி இறங்கும் அவர், மாதம் ஒரு நாள் தெருவில் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டினால் என்ன?

தறி நிற்கிற நாளாகப் பார்த்து, கோயில் மண்டபத்திலோ, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலோ, யாராவது வீட்டுத் திண்ணையிலோ பத்துப் பேர் கூடட்டும். ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளட்டும். தேதி, நேரம், எண், சாப்பிட்டது, செய்த வேலை ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். அந்த நோட்டைப் படித்துக் காட்டுவதே கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல். அதே நோட்டை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டினால், அவருக்கும் அரை மணி நேரக் கேள்வி மிச்சம்.

இடையில் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து வாரம் ஒரு முறை பேசிக்கொள்ளட்டும். "மாத்திரை போட்டாயா? காலைப் பார்த்தாயா? கண் டாக்டரிடம் இந்த வருஷம் போனாயா?" மூன்றே கேள்வி. கால் பார்ப்பதற்குக் கண்ணாடியும், வெளிச்சமும், ராத்திரி படுக்குமுன் ஒரு நிமிஷமும் போதும்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எண் அதிகமாக இருக்கிறது என்று நோயாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள். உண்மை எண்ணைக் கொண்டுவந்தவனைத் திட்டினால், அடுத்த முறை அவன் எண்ணையும் கொண்டுவர மாட்டான், தானும் வர மாட்டான்.

சர்க்கரை வியாதி இன்றைக்கு வந்து நாளைக்குப் போகும் ஜுரம் அல்ல. கூடவே வரும் கூட்டாளி. அதனோடு ஆயுள் முழுவதும் குடித்தனம் நடத்த வேண்டும். அந்தக் குடித்தனத்தைத் தனியாக நடத்துவது கஷ்டம்; சேர்ந்து நடத்தினால் கஷ்டம் குறையும்.

ஆகவே அடுத்த முறை விரலைக் குத்தி எண் பார்த்ததும், அது 120 ஆனாலும் சரி, 320 ஆனாலும் சரி, அன்று பொழுது சாய்வதற்குள் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு, "உங்களுக்கு எத்தனை?" என்று கேளுங்கள்.